சீனக்காரம்

படிகாரத்துக்கு நம் ஊர்ப் பாட்டிமார் சீனக்காரம் என்றொரு பெயர் சொல்வதுண்டு. நான் எழுத வந்தது அந்தக் காரத்தைப் பற்றியன்று. சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இக் கொல்கத்தா நகரின் ஓரத்தில் உள்ள ஒரு கேளிக்கைப் பூங்காவில், என் நாவையும் என் தமிழ்ச் செருக்கையும் ஒருசேரப் பொசுக்கிய காரத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

தேர்வு முடிந்த மகிழ்ச்சியில் அறுவர் சென்றிருந்தோம். நால்வர் நம் சங்கத்தார், ஒருவர் வங்காளி, மற்றவர் எங்கள் வகுப்பில் பயிலும் சீன வமிசத்து நண்பர். ராட்டினத்தில் சுற்றி, நீர்ச்சறுக்கில் விழுந்து எழுந்தபின் பசி வயிற்றைக் கிள்ளியது. அங்கே சீனக் கோயில் போன்ற முகப்பும், சிவப்புக் காகித விளக்குகளும், கூரையில் ஒரு டிராகனுமாக ஓர் உணவுச் சாலை. விலைப்பலகையில் ‘ஷெஷ்வான் நூடுல்ஸ்’ என்ற பெயருக்குப் பக்கத்தில் மூன்று மிளகாய்ப் படங்கள்!

“மதராசிகளா? இட்லி சாம்பார் சாப்பிடுகிறவர்கள் ஆயிற்றே! காரத்தைக் குறைக்கச் சொல்லட்டுமா?” என்று பரிமாறுபவர் கேட்டார்.

கேட்டது பரிவினால்தான். ஆனால் எனக்கு வந்ததே ரோசம்! ஆந்திரத்து எல்லையில் பிறந்தவனைப் பார்த்து இப்படி ஒரு கேள்வியா? “கூட்டிப் போடச் சொல்லுங்கள்” என்றேன்.

முதல் வாய் நன்றாகவே இருந்தது. பூண்டு மணம், காடியின் புளிப்பு, சோயாச் சாறு, வற்றல் மிளகாயின் சிவப்பு. இரண்டாம் வாயில் நெற்றி வியர்த்தது. மூன்றாம் வாயில் காது அடைத்தது. ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தேன். நெருப்பு பரவியதே தவிர அடங்கவில்லை. மிளகாயின் காரப்பொருள் தண்ணீரில் கரைவதில்லை. சூட்டை உணர நம் நரம்புகளில் உள்ள அதே வாயில்களைத்தான் அது திறந்துவிடுகிறது. இதைக் கண்டு சொன்ன டேவிட் ஜூலியஸ் என்பவருக்கு 2021-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். எனக்கு அன்று வேண்டியிருந்தது நோபல் பரிசு அல்ல, தயிர். சீன நண்பர்தான் ஓடிப்போய் மண்சட்டியில் மிஷ்டி தோய் வாங்கி வந்தார். சர்க்கரை போட்ட தயிரை இரண்டாண்டுகளாக இகழ்ந்து வந்த நான், சட்டியை வழித்துத் தின்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், அந்த நண்பரின் தட்டில் மிளகாய் இல்லாத வெறும் நூடுல்ஸ்!

“என்னப்பா, உன் ஊர்ச் சாப்பாட்டை நீயே தொடவில்லையே?” என்றேன்.

“என் ஊர் டாங்ரா. பஸ் ஏறினால் அரை மணியில் போய்விடலாம். எங்கள் வீட்டில் இதைச் சமைத்ததே இல்லை, பாட்டிக்குக் காரம் ஆகாது” என்றார் அவர்.

டாங்ராவில் தோல் பதனிட்டு வாழ்ந்தவர்கள் ஹக்கா மக்கள். 1996-இல் உச்ச நீதிமன்றம் அத்தொழிலை நகருக்கு வெளியே பாந்தலாவுக்கு மாற்ற உத்தரவிட்டபின் பலர் உணவுச் சாலைகளையே நம்பலாயினர். அவர்களுடைய முன்னோர் குவாங்டுங் மாகாணத்தவர். சிச்சுவானோ அங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். சிச்சுவானின் உண்மையான சமையலில் மிளகாயோடு நாவை மரத்துப்போகச் செய்யும் ஒரு காய்த்தோலும் சேரும். அது எலுமிச்சை இனத்தது. என் தட்டில் அதன் வாசனைகூட இல்லை. ஆக, நான் உண்டது நம் நாட்டுக்காரர் நாக்குக்காக நம் நாட்டிலேயே பிறந்த உணவு. அதைப் போலி என்று நான் சொல்லேன். சுவையான பிள்ளைதான், பெயர்தான் இரவல். “காரம் போடாவிட்டால் நீங்கள் யாரும் கடைக்கு வரமாட்டீர்களே!” என்று நண்பர் சிரித்தார். சிரிக்க எனக்கு வாய் வரவில்லை. சென்ற பொங்கல் விழாவில் நம் சங்கத்து உணவுக் கடையில் ‘மதராஸ் சாப்பாடு’ என்று பலகை எழுதியவன் நான். அப்படி எழுதினால்தான் கூட்டம் வரும் என்று.

மிளகாய்தான் நம் சொத்தா? நம்முடையது மிளகு. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு, போர்த்துகேசியர் கொண்டுவந்தது. சிச்சுவான்காரருக்கும் அது கடல் கடந்து வந்ததே. இந்த இரவல் காரத்தை வைத்துக்கொண்டா நான் தமிழ் மானம் காக்கப் புறப்பட்டேன்?

அதையும் விட்டுவிடலாம். விட முடியாத ஒன்று உண்டு. அதே பொங்கல் மேடையில், ‘மதராசி’ என்று நம்மை அழைப்பதைக் கண்டித்து முழங்கியவர்களில் நானும் ஒருவன். நீங்கள் கைதட்டினீர்கள். அன்றிரவே விடுதிக் கூடத்தில், “ஏ சைனா, கதவைச் சாத்து!” என்று கத்தியவனும் நானே. இரண்டாண்டுகளாக நம்மில் எத்தனை பேர் அந்த நண்பரின் பெயரைச் சொல்லி அழைத்திருக்கிறோம்?

விளையாட்டுக்குத்தானே என்பீர்கள். 1962-இல் சீனப் போர் மூண்டபோது, ஏறத்தாழ மூவாயிரம் பேரை, சீனர் என்பதற்காகவே ராஜஸ்தானத்துத் தேவ்லி முகாமில் அடைத்தார்கள். அவர்களில் இந்நாட்டிலேயே பிறந்தவர்கள் பலர். போர் ஒரு மாதத்தில் முடிந்துவிட்டது. முகாம் சிலருக்கு ஆண்டுக் கணக்கில் முடியவில்லை. அப்போது ஷில்லாங்கில் இருந்த நண்பரின் பாட்டிக்குப் பதினைந்து வயது. ரயிலில் கொண்டுபோகப்பட்டவர்களில் அவரும் ஒருவர். திரும்பி வந்தபோது வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்களாம். இதை நண்பர் பேருந்தில் வரும்போது, நான் கேட்டதனால் சொன்னார், அவராகச் சொல்லவில்லை. அந்தப் பாட்டி நம் விடுதிக்கு வந்து, பேரனை நாம் கூப்பிடும் பெயரைக் கேட்டால், அதை விளையாட்டு என்று எடுத்துக்கொள்வாரா?

சங்கத்துச் செயலாளருக்கு இரண்டு கோரிக்கைகள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த பொங்கலுக்குக் கடைப் பலகையில் நம் உணவின் பெயர்களையே எழுதுவோம். பொங்கலென்றும் வத்தக்குழம்பென்றும் கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் வரட்டும், கூட்டம் குறைந்தால் குறையட்டும். மற்றது, விடுதியில் அந்தப் பட்டப்பெயர் இனி ஒலிக்கக்கூடாது. இதற்குத் தீர்மானம் எதற்கு என்று அவர் கேட்டார். கைதட்டலுக்குத் தீர்மானம் தேவைப்படவில்லைதான், பழக்கத்துக்குத் தேவைப்படுகிறது.

வருகிற ஞாயிறு காலை டிரெட்டி பஜாரில் சீனக் காலைச் சிற்றுண்டி உண்டுவிட்டு, டாங்ராவில் நண்பர் வீட்டுக்குப் போகிறோம். சீக்கிரம் போகாவிட்டால் பஜாரில் எல்லாம் தீர்ந்துவிடும். வருபவர்கள் ஐந்தரை மணிக்கு விடுதி வாயிலில் நிற்கவேண்டும். பாட்டி வீட்டுச் சமையலையே, காரமின்றிச் செய்யும்படி சொல்லியனுப்பினேன். பயனில்லை. தமிழ்ப் பிள்ளைகள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அவர் கடைக்குப் போய் ஒரு பெரிய புட்டி மிளகாய்ச் சாறு வாங்கி வைத்துவிட்டாராம்.