ஆமயிழஞ்சான் தோட்டின் கணக்கு

நவராத்திரி வந்தால் வேளிமலை முருகன் ஊர்வலமாக வந்து தங்குவது திருவனந்தபுரம் ஆரியசாலைக் கோயிலில். மழை வந்தால் அந்த வட்டாரத்துக்கு வருவது சாக்கடைத் தண்ணீர். கூப்பிடு தூரத்திலிருக்கும் தம்பானூரிலும் கிழக்கேகோட்டையிலும் ஒரு மணி நேரம் வலுத்துப் பெய்தால் போதும், வேட்டியைத் தூக்கிக் கட்ட வேண்டியதுதான். 2015-ல் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தைக் கையிலெடுத்து, 'ஆபரேஷன் அனந்தா' என்று பெயர் வைத்து, ஆக்கிரமிப்புகளை இடித்துக் கால்வாய்களைத் தோண்டினார்கள். கொஞ்சநாள் நிம்மதி. 2023 அக்டோபரில் ஓர் இரவு மழைக்கே கௌரீசபட்டத்திலும் கண்ணம்மூலையிலும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது.

இந்த நகரத்துக்குத்தான் 2020 டிசம்பரில் 21 வயதுப் பெண் மேயரானார். ஆர்யா ராஜேந்திரன், கணிதம் படித்துக்கொண்டிருந்த மாணவி. அப்பா எலக்ட்ரீஷியன், அம்மா எல்.ஐ.சி. முகவர். நாட்டின் மிக இளைய மேயர் என்று எல்லாப் பத்திரிகைகளிலும் படம் வந்தது. சென்னையிலிருந்து கமல்ஹாசனும் வாழ்த்தினார்.

அந்த ஆண்டு இளைஞர்களுக்கு வேறொரு வேலையும் வந்து சேர்ந்திருந்தது. ஊரடங்கு தொடங்கிய அதே மார்ச்சில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 'சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு 2020' வரைவை வெளியிட்டது. ஆலையைத் தொடங்கிவிட்டுப் பிறகு அனுமதி வாங்கிக்கொள்ள அதில் வழி இருந்தது. கருத்துக்கேட்புக்கு மக்களுக்கு இருந்த 30 நாளை 20 ஆகக் குறைத்திருந்தார்கள். வரைவு வந்ததோ இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும். எண்ணூர் மீனவரோ விழிஞ்ஞம் மீனவரோ அதைப் படித்து ஆட்சேபம் எழுதவேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை போலும். ஜூன் 30 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் தலையிட்டு, எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் வெளியிடச் சொன்னது. கெடுவை ஆகஸ்ட் 11 வரை நீட்டியது.

அதற்குள் இளைஞர்கள் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். சென்னையிலிருந்து பத்மப்ரியா என்ற இளம்பெண் வரைவில் என்ன இருக்கிறது என்று தமிழில் விளக்கிப் போட்ட காணொளி அந்த ஜூலையில் கைபேசி கைபேசியாகப் பரவியது. பெங்களூரில் திஷா ரவியும் அவருடைய நண்பர்களும் 'ஃப்ரைடேஸ் ஃபார் ஃபியூச்சர்' இந்தியக் கிளையின் பெயரில், அமைச்சகத்துக்கு மின்னஞ்சல் அனுப்ப மக்களை வரிசையில் நிற்கவைத்தார்கள். லட்சக்கணக்கில் கடிதங்கள் குவிந்தன. கருத்துச் சொல்லுங்கள் என்று கேட்டது அரசு. சொன்னபோது வந்தது போலீஸ் நோட்டீஸ். அமைப்பின் இணையதளம் முடக்கப்பட்டது. நோட்டீஸில் ஊபா சட்டம் இருந்தது. தவறுதலாகப் போய்விட்டது என்று பிறகு திரும்பப் பெற்றார்கள். பயங்கரவாதத் தடுப்புச் சட்டமெல்லாம் தவறுதலாகப் போகும் அளவுக்கு நம் அலுவலகங்கள் சுறுசுறுப்பாக இருக்கின்றன!

மறு பிப்ரவரியில் விவசாயிகள் போராட்டத்துக்கான 'டூல்கிட்' என்ற இணைய ஆவண விவகாரத்தில் 22 வயது திஷா பெங்களூர் வீட்டிலேயே கைதானார். 13-ஆம் தேதி கைது, 23-ஆம் தேதி ஜாமீன். பத்மப்ரியா அந்த ஏப்ரலில் மக்கள் நீதி மய்யம் வேட்பாளராக மதுரவாயலில் நின்று 30 ஆயிரத்துக்கும் மேல் வாக்கு வாங்கித் தோற்றார்.

இவர்கள் யாருக்கும் கிடைக்காத ஒன்று ஆர்யாவுக்குக் கிடைத்தது: பதவி. வெளியே நின்று மனு எழுதும் வயதில் மனுக்களை வாங்கும் நாற்காலி. அதில் என்ன செய்ய முடியும், எது முடியாது என்பதை 2024 ஜூலை 13 காட்டியது.

தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அடியில் ஆமயிழஞ்சான் தோடு என்ற கால்வாய் சுரங்கம் மாதிரி ஓடுகிறது. அன்று நல்ல மழை. ரயில்வே ஒப்பந்தக்காரர் அனுப்பிய தொழிலாளி ஒருவர் கழிவை அள்ளக் கால்வாயில் இறங்கினார், தண்ணீர் ஏறியது, ஆளைக் காணவில்லை. தீயணைப்புப் படையினர் சுரங்கத்துக்குள் புகுந்து பிளாஸ்டிக் குவியலை விலக்கித் தேடினார்கள், கடற்படையும் வந்தது. ஏறத்தாழ இரண்டு நாள் கழித்து, ரயில் நிலையத்தைத் தாண்டி வேறோர் இடத்தில் உடல் மிதந்தது. ஸ்டேஷனுக்கு அடியில் இருப்பது ரயில்வேயின் பொறுப்பு என்றது மாநகராட்சி. குப்பை ஊரிலிருந்துதானே வருகிறது என்றது ரயில்வே. மேயர் எல்லார் முன்னாலும் உடைந்து அழுதார். எதிர்க்கட்சிகள் அந்தக் கண்ணீரையும் விடவில்லை. கேரள உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது.

பருவநிலை நீதி என்று உலக மாநாடுகளில் பேசப்படுவது இங்கே ரொம்ப எளிமையான கேள்வி. கொட்டுகிற மழை கூடிக்கொண்டே போகும்போது அந்தச் சுரங்கத்துக்குள் இறங்குவது யார், எவ்வளவு கூலிக்கு? மேயரின் வயது அதற்குப் பதிலாகாது. கார்ப்பரேஷனும் ரயில்வேயும் நீர்ப்பாசனத் துறையும் ஒரே மேசையில் உட்கார வேண்டிய சங்கதி அது.

அதே ஆண்டு அக்டோபர் கடைசியில், நிலைத்த வளர்ச்சிக்கான ஐ.நா. ஹாபிடாட்டின் ஷாங்காய் விருதை எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவில் திருவனந்தபுரத்துக்காக வாங்கினார் ஆர்யா. ஊரில் பலர் சிரித்தார்கள். முழுக்கச் சிரிக்கவும் வேண்டியதில்லை: வீடுவீடாகப் போய் பிளாஸ்டிக் வாங்கும் ஹரித கர்ம சேனைப் பெண்கள் செய்வது உண்மையான வேலை. விருதுப் படத்தில் அவர்கள் இருந்திருக்கலாம்.

2025 டிசம்பர் தேர்தலில் ஆர்யா நிற்கவில்லை. 101 வார்டுகளில் 50 பிடித்து பா.ஜ.க. மாநகராட்சிக்கு வந்தது, வி.வி. ராஜேஷ் மேயரானார். கட்சி மாறியது, கால்வாய் அதே கால்வாய். சாலைக் கம்போளம் என்ற கடைவீதியில் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நாகர்கோவில், மார்த்தாண்டம் பையன்களில் ஓட்டு சொந்த ஊரிலேயே இருப்பவர்களைத் தேடி எந்த வேட்பாளரும் வந்திருக்கமாட்டார். கடைக்குள் தண்ணீர் ஏறும்போது மூட்டைகளைப் பரண்மேல் ஏற்றுவது அவர்கள்தான். இந்த நகரத்தின் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பதா, ஊர் ஓட்டையே வைத்துக்கொள்வதா என்பது அவர்கள் முடிவு செய்ய வேண்டியது. அடுத்த மாநகராட்சித் தேர்தலுக்கு இன்னும் சில மழைக்காலங்கள் இருக்கின்றன.