கண்ணம்மாபேட்டையில் கேட்ட கேள்வி

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

சென்ற ஆண்டு, முதலாண்டுத் தேர்வுக்குப் பன்னிரண்டு நாள்கள் இருக்கையில் என் தந்தை இறந்தார். தியாகராய நகர்க் கடைகளுக்குத் துணி மூட்டை ஏற்றி மீன்பாடி வண்டி ஓட்டியவர். கண்ணம்மாபேட்டை மயானத்தில் எல்லாம் முடிந்து கை கால் கழுவிக்கொண்டு நின்றபோது, சித்தப்பா முறையான ஒருவர் என் தோளில் கை வைத்தார். "இன்னாத்த படிச்சி இன்னாத்த பண்ணப் போற? கடைசீல அல்லாருக்கும் இந்த எடந்தான். பேசாம வண்டிய எடுத்து ஓட்டுடா" என்றார். இரக்கத்தோடுதான் சொன்னார். ஆனாலும் அச்சொல் என்னைச் சுட்டது. சாவு நிச்சயம் என்றால் அறிவு எதற்கு? இன்பம் எதற்கு? வாழ்வுக்குப் பொருள்தான் என்ன?

இத்தகைய கேள்விகளைத் தத்துவம் என்பர். தத்துவம் என்றவுடன் நம்மில் பலர், "அது வயிறு நிறைந்தவர் பேச்சு, நமக்கு வேண்டியது மதிப்பெண்ணும் வேலையும்" என்று ஒதுங்கிவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். அந்த எண்ணம் தவறு என்பதே இன்று என் கருத்து. வயிறு நிறைந்தவனுக்கு இக்கேள்வி பொழுதுபோக்காக இருக்கலாம். படிப்பதா, வண்டி ஓட்டுவதா என்று மறுநாள் காலைக்குள் முடிவு செய்ய வேண்டியவனுக்கு, அதுதான் அவன் வாழ்வையே தீர்மானிக்கும் கேள்வி!

விடை தேடி நான் நெடுந்தூரம் போகவில்லை. நம் சென்னையின் தென்பகுதியே இக்கேள்விகளைக் கேட்டுக் கேட்டுப் பழகிய ஊர்தான்.

முதலில் மயிலாப்பூர். முண்டகக்கண்ணி அம்மன் கோவிலுக்கு அருகே திருவள்ளுவர் கோவில் இருக்கிறது. அவர் அவ்வூரில் பிறந்தவர் என்றும், நெசவு செய்து வாழ்ந்தவர் என்றும் மரபு கூறுகிறது. வரலாறு எதுவாயினும், தறியில் உழைத்த கையே அந்நூலை எழுதியது என்று நம்ப நம் மக்கள் தயங்கவில்லை என்பது எனக்குப் பெருமை. குறளின் அமைப்பை எண்ணிப் பாருங்கள். அறத்துப்பால் 38 அதிகாரம், பொருட்பால் 70, இன்பத்துப்பால் 25. செல்வமும் உடலும் நில்லா என்று உரைக்கும் 'நிலையாமை' 34-ஆம் அதிகாரம். அதைச் சொன்னவர் அத்துடன் ஏட்டைக் கட்டி வைத்துவிடவில்லை. ஆறு அதிகாரம் தள்ளி, 40-ஆவதாகக் 'கல்வி'யை வைத்தார். 133-ஆம் அதிகாரமாகிய 'ஊடலுவகை'யில், காதலர் இருவரின் மகிழ்ச்சியில், நூலை முடித்தார். வீடுபேற்றுக்கெனத் தனியாக ஒரு பால் வகுக்கவுமில்லை. சாவை மறைக்காமல் சொல்லிவிட்டு, அதற்கு அப்பாலும் கல்வியையும் இன்பத்தையும் பேச முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அடுத்து, பெசன்ட் நகர். அங்கே உ.வே. சாமிநாதையர் பெயரால் ஒரு நூல் நிலையம் இயங்குகிறது. ஐயர் 1898-இல் பதிப்பித்த மணிமேகலைக் காப்பியத்தில், வஞ்சி மாநகரில் பல சமயவாதிகளின் கொள்கைகளை மணிமேகலை கேட்டறிகிறாள். அவர்களுள் ஒருவன் பூதவாதி. சில பொருள்கள் சேரும்போது கள்ளில் வெறி தோன்றுவது போல, பூதங்களின் சேர்க்கையில் உணர்வு தோன்றுகிறது. கண்கூடாகக் காண்பதே அறிவு. இன்பமும் துன்பமும் இப்பிறப்போடு முடிந்தன என்பது அவன் கட்சி. வேதியியல் மாணவனாகிய எனக்கு இவன் அந்நியன் அல்லன்! ஆனால் மணிமேகலை அவனை மடக்குகிறாள். கண்கூடு ஒன்றே அறிவென்றால், உன் தாய் தந்தையரை நீ எப்படி அறிந்தாய் என்று கேட்கிறாள். அனுமானத்தால் அன்றி வேறெப்படி அறிய இயலும்?

இவ்விடத்தில் நான் நூலை மூடிவைத்து நெடுநேரம் இருந்தேன். என் தந்தையை நான் எவ்வளவு அறிவேன்? அவர் எதற்காக அந்த மூட்டைகளை இழுத்தார்? அவர் என்னிடம் சொன்னதில்லை. நானும் அனுமானிக்கத்தான் வேண்டும்.

பிறகு அடையாறு. 1882-ஆம் ஆண்டின் இறுதியில் பிரம்மஞான சபையார் பம்பாயை விட்டு அடையாற்றங்கரைத் தோட்டத்திற்கு வந்தனர். உயிர் மீண்டும் மீண்டும் பிறந்து முதிர்கிறது என்பது அவர்கள் கொள்கை. அதே 1882-இல் இதே சென்னையில், லௌகிக சங்கத்தினர் 'தத்துவ விவேசினி' என்னும் தமிழ் இதழைத் தொடங்கினர். மறுபிறப்பை மறுத்து, இவ்வுலக வாழ்வைப் பகுத்தறிவால் சீர்செய்ய வேண்டும் என்று 1888 வரை எழுதினர். ஒரே ஆண்டு, ஒரே நகரம், நேர் எதிரான இரண்டு விடைகள்! மீண்டும் பிறப்போம் என்பது எனக்குத் தெரியாத செய்தி. தெரியாததை ஆறுதலுக்காக ஏற்றுக்கொள்ள என் மனம் ஒப்பவில்லை. விவேசினிக்காரர் பக்கமே நான் சாய்கிறேன்.

பிரம்மஞான சபையார் உலக ஆசானாக வளர்த்த ஜே. கிருஷ்ணமூர்த்தி, 1929-இல் அந்தப் பட்டத்தையே உதறினார். 1986 ஜனவரியில், கிரீன்வேஸ் சாலையிலுள்ள வசந்த விஹாரில் தம் கடைசிச் சொற்பொழிவுகளை நிகழ்த்திவிட்டு, பிப்ரவரி 17-இல் கலிபோர்னியாவில் மறைந்தார். சாவை வாழ்வின் கடைசிக்குத் தள்ளி வைக்காதீர்கள், பற்றுகளை அன்றாடம் முடித்துக்கொண்டு வாழுங்கள் என்பது அவர் பலகாலும் சொல்லிவந்த கருத்து. பெரிய கருத்துத்தான். ஆனால் வாடகையும் தங்கையின் பள்ளிச் செலவும் உள்ள வீட்டில், பற்றை அன்றாடம் முடிப்பது எங்ஙனம் என்று கேட்கத் தோன்றுகிறது.

தோட்டம் என்றதும் மற்றொரு தோட்டமும் நினைவுக்கு வருகிறது. ஏறத்தாழ கி.மு. 306-இல் ஏதென்சு நகரில் எபிகூரஸ் அமைத்த தோட்டம் அது. அங்கே பெண்களுக்கும் அடிமைகளுக்கும் இடம் இருந்தது. அவரை இன்பவாதி என்று சொல்லிப் பலர் எள்ளுவர். அவர் சொன்ன இன்பமோ உடலில் நோவின்மையும் உள்ளத்தில் கலக்கமின்மையுமே. உலகம் அணுக்களால் ஆனது; நாம் இருக்கும்வரை சாவு இல்லை, சாவு வரும்போது நாம் இல்லை; ஆகவே அஞ்ச வேண்டா என்றார். என் சாவைப் பற்றி என்றால் இது சரியான பேச்சு. என் தந்தையின் சாவைப் பற்றி என்றால்? சாவு வந்தது, நான் இருக்கிறேனே! பொருள் அழிவதில்லை என்று எங்கள் பாடநூலும் கூறுகிறது. எரிந்த உடலின் கரி காற்றில் வாயுவாகக் கலக்கிறது. எலும்பின் கால்சியம் சாம்பலில் தங்குகிறது. எல்லாம் உண்மை. ஆயினும் அணுக்கள் இருக்கின்றன என்பதால் தந்தை இருக்கிறார் என்று ஆகிவிடுமா?

என் விடையை நான் கண்டது ஒரு சாயங்காலம், வண்டி ஸ்டாண்டில். இப்போது கல்லூரி விட்டதும் நான் ஒரு கடையில் மூட்டை கட்டும் வேலை பார்க்கிறேன். அன்று ஒரு முதியவர் என்னை உற்றுப் பார்த்து, "உப்பு கதை சொன்ன புள்ள நீதானா?" என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு நினைவு வந்தது.

தந்தை இரவு பத்து மணிக்கு மேல் வந்து சோற்றின் முன் அமர்ந்ததும், "இன்னிக்கு இன்னாடா சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்பார். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஒருநாள் நான், "நைனா, சோடியம்னு ஒரு உலோகம், தண்ணியில போட்டா பத்திக்கும். குளோரின்னு ஒரு விஷ வாயு. ரெண்டும் சேந்ததுதான் நம்ம சோத்துல இருக்குற உப்பு" என்றேன். கையில் எடுத்த சோற்றை அப்படியே பார்த்தார். "அப்போ தெனம் ரெண்டு வெஷத்தத் துன்னுட்டா உசுரோட கீறோம்?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். அதை மறுநாள் ஸ்டாண்டில் இருந்தவர்க்கெல்லாம் சொல்லியிருக்கிறார். "உங்கப்பன் அத்தச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்" என்றார் முதியவர். அவரும் தம் பேத்திக்குச் சொன்னாராம்.

நண்பர்களே, அறிவு வேறு, இன்பம் வேறு என்று எண்ணியிருந்தேன். அந்தச் சிரிப்பில் இரண்டும் ஒன்றாக இருந்தன. அவர் எதற்காக மூட்டை இழுத்தார் என்பதற்கும் அதில் விடை இருந்தது. சொன்னவர் கண்ணம்மாபேட்டைக்குப் போய்விட்டார்; சொன்னது எனக்குத் தெரியாத ஒரு சிறுமியிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. எல்லாருக்கும் கடைசியில் அந்த இடந்தான் என்ற சித்தப்பாவின் சொல் மெய்யே. ஆகவே படித்துப் பயனில்லை என்று அவர் கண்ட முடிபுதான் பிழை. நேரம் குறைவு என்பதாலேயே கற்க வேண்டும். கற்றதைச் சோற்றுத் தட்டின் அருகிலேயே பிறர்க்குச் சொல்லிவிடவும் வேண்டும்.

இந்த விடை என் வீட்டு அரிசிப் பானையை நிரப்பாது. அதை நான் அறிவேன். பானையை நிரப்ப நான் மூட்டை கட்டுகிறேன். எதற்காக நிரப்புகிறேன் என்பதற்குத்தான் இந்த விடை.

நம் கல்லூரியில் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர் பலர். ஒவ்வொரு வீட்டிலும் இக்கேள்வி ஏதேனும் ஓர் உருவில் எழுந்திருக்கும். ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள்: வாரத்தில் ஒருநாள், வகுப்பு முடிந்தபின் அரைமணி நேரம், பாடத்திட்டத்தில் இல்லாத இக்கேள்விகளைப் பேச எங்களை அழையுங்கள். மதிப்பெண் வேண்டா. மாணவத் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: இன்றிரவு வீட்டில் யாரும் கேட்காவிட்டாலும், இன்று கற்றதில் ஒன்றை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

நைனா இறந்த பன்னிரண்டாம் நாள் நான் தேர்வு எழுதினேன்.