தூரிகை பிடிக்கும் பிள்ளைக்கு எந்தப் பட்டம்?

சித்திரம் எழுத விரும்பும் பிள்ளையிடம், "அது சோறு போடுமா?" என்று கேட்டு வாயடைத்துவிடுவது நெடுங்காலமாக நம் சமுதாயத்தின் வழக்கம். இன்று அவ்வழக்கம் சற்றே தளர்ந்திருக்கிறது. உயர்தர வகுப்பில் சித்திரம் பயின்ற நம் மாணவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், மட்டக்களப்பிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும், 2005 ஆம் ஆண்டில் கொழும்பில் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த கட்புல, அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகத்திலும் கால்வைக்கின்றனர். இது வரவேற்கத்தக்கதே. ஆயினும், இளமாணிப் பட்டத்தோடு நிற்பதா, முதுமாணிப் பட்டத்தையும் நாடுவதா என்ற கேள்விக்குத் தெளிவான விடையின்றிப் பெற்றோர் பலர் தடுமாறுகின்றனர்.

முதலில் ஒன்றை உணர்தல் வேண்டும். முதுமாணி என்பது இளமாணியின் நீட்சியன்று. இளமாணிக் கல்வி கையையும் கண்ணையும் பழக்குவது. கோடு, உருவம், வர்ணம், சிற்பம், அச்சுப்பதிவு, கலை வரலாறு ஆகிய அனைத்திலும் மாணவனை அது அடிப்படையிலிருந்து பயிற்றுகிறது. முதுமாணிக் கல்வியோ அடிப்படையைக் கற்பிப்பதில்லை. வாயிலிலேயே, "நீ இதுவரை படைத்தவை எங்கே?" என்று அது கேட்கிறது. விண்ணப்பதாரியின் படைப்புத் தொகுதியைப் பார்த்தே இடமளிக்கிறது. சொல்வதற்குத் தனக்கென ஒன்று இல்லாதவன் அங்கு சென்று பெறுவது காகிதத்தை மட்டுமே.

அடுத்தது பணம். 1945 ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் நிலவும் இலவசக் கல்வியின் பயனாக, அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் முதற் பட்டத்துக்குக் கட்டணமில்லை. முதுமாணிப் பட்டத்துக்கோ பொதுவாகக் கட்டணம் உண்டு. பிறநாடாயின் அதன் சுமை பன்மடங்கு. எனவே, இலவசமாகக் கிடைக்கும் நான்காண்டுகளை அரைமனதோடு கழித்துவிட்டு, தோட்டக் காணியை ஈடுவைத்து வெளிநாட்டில் முதுமாணி தேடுவது அறிவுடைமையாகாது.

அவ்வாறாயின் முதுமாணி வேண்டாமா? வேண்டும். பல்கலைக்கழகத்தில் கற்பிக்கவும், கலை வரலாற்றை ஆராயவும் விழைவோருக்கு அது இன்றியமையாதது. பாடசாலையில் சித்திரம் கற்பிக்கவோ, வடிவமைப்புத் தொழிலில் இறங்கவோ எண்ணுவோருக்கு நல்ல இளமாணிப் பட்டமே போதிய தொடக்கம். சில ஆண்டுகள் தொழிலிலும் படைப்பிலும் ஈடுபட்டு, தமக்கென ஒரு வினா மனத்தில் முளைத்த பின்னர் அவர்கள் மேற்படிப்பை நாடலாம். வேறு துறையில் பட்டம் பெற்றுவிட்டுக் கலையின்பால் திரும்புவோர், மீண்டும் நான்காண்டுகளைத் தொடங்குமுன், நல்லாசிரியர் ஒருவரிடம் பயின்று படைப்புத் தொகுதியை உருவாக்கிப் பார்ப்பதே சிறந்தது.

கொழும்பு அரசாங்க நுண்கலைக் கல்லூரியில் பயின்று, யாழ்ப்பாணத்தில் இளைஞர் பலருக்கு ஓவியம் கற்பித்த ஓவியர் அ. மாற்கு, இன்று பட்டத்தாலன்றிப் படைப்பாலும் மாணாக்கராலுமே நினைவுகூரப்படுகிறார். பட்டம் கருவி, படைப்பே பயன்.

இவ்வளவும் மாணவரின் கடமை. நம் பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு கடமை உண்டு. கட்புலக் கலையில் தரமான முதுமாணிக் கல்வியைத் தமிழ் மாணவர் தாய்மொழியிலேயே, தாங்கக்கூடிய செலவில் பெறுதற்கு அவை வழிசெய்தல் வேண்டும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு மட்டுமே உயர்கலை உரியதென்றால், கமக்காரனின் குடிலில் பிறந்த திறமை கருகிப்போகும். அதனைத் தடுப்பது நம் அனைவரதும் பொறுப்பு.