செவிலி இல்லாத வளாகத்தில் தோழி

சென்ற பருவத்தில் ஒரு மாலை. முதுகலை மாணவர்க்குக் குறிஞ்சிப்பாட்டு நடத்திவிட்டுத் துறை அறைக்குத் திரும்பியபோது, இளங்கலை இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி வாயிலருகே நின்றிருந்தாள். நாம் பணிபுரியும் கல்லூரியில் மூன்றாண்டுகளுக்கு முன் அமைக்கப்பட்ட மாணவர் மனநல ஆதரவுக் குழுவில் அவளும் ஓர் உறுப்பினள். “அம்மா, ஒருத்தருக்குச் சத்தியம் செய்து கொடுத்துவிட்டு அதை மீறினால் பாவமா?” என்று கேட்டாள்.

அவள் கேட்பது அறநூல் ஐயம் அன்று என்பது கண்களைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. விடுதியில் உடன் தங்கியிருக்கும் தோழி, தனக்கு வாழ விருப்பமில்லை என்று இவளிடம் சொல்லி, யாரிடமும் சொல்லக்கூடாது என்று கையடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அன்றிலிருந்து 11 இரவுகள் இவள் சரியாக உறங்கவில்லை. தன் துப்பட்டாவின் ஒரு முனையைத் தோழியின் மணிக்கட்டிலும் மறுமுனையைத் தன் மணிக்கட்டிலும் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறாள். தோழி எழுந்தால் தானும் விழித்துக்கொள்ளலாம் அல்லவா? இவளுக்கு வயது 19. இப்பணிக்கென நாம் இவளுக்கு அளித்தவை அரைநாள் பயிலரங்கு ஒன்றும் அடையாள வில்லை ஒன்றும் மட்டுமே.

சக மாணவர்களைக் கொண்டு மனநல ஆதரவு அளிப்பது நம் கல்லூரிகளில் இப்போது பரவலாகி வருகிறது. நோக்கம் நல்லது, தேவையும் பெரிது. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. துயருற்ற இளைஞர் முதலில் வாய் திறப்பது பெரும்பாலும் ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ அல்ல, பக்கத்துப் பாயில் படுத்திருப்பவரிடம்தான். ஆகவே அந்தப் பக்கத்துப் பாய்க்காரருக்குப் பயிற்சி அளிப்போம் என்பது அறிவுக்கு உகந்த எண்ணமே.

இவ்வெண்ணத்திற்கு ஒரு வரலாறும் உண்டு. 1953இல் இலண்டனில் சாட் வாரா என்னும் பாதிரியார், தற்கொலை எண்ணத்தோடு வருவோர்க்கு அறிவுரை வழங்க ஓர் அமைப்பைத் தொடங்கினார். அவரைக் காணக் காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணையாக இருந்த தன்னார்வலர்களிடம் மனம்விட்டுப் பேசிய பலர், அவரைக் காணாமலே ஆறுதலோடு திரும்பிச் சென்றனர். அதைக் கண்ட வாரா, கேட்கும் பணியைத் தன்னார்வலர்களிடமே ஒப்படைத்தார். சமாரிட்டன்ஸ் அமைப்பு வளர்ந்தது அவ்வாறே. 1970இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் மாணவர்களே இரவில் மாணவர்களின் குரலைக் கேட்கும் நைட்லைன் தோன்றியது. சென்னையில் 1986 முதல் இயங்கிவரும் சினேகாவும் நட்போடு செவிசாய்க்கும் தன்னார்வலர்களை நம்பியே நடக்கிறது. இங்கெல்லாம் கேட்பவர் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பயிற்றுவிக்கப்படுகிறார். கேட்டு முடித்தபின் அவர் தன் பாரத்தை இறக்கிவைக்கவும் ஓரிடம் உண்டு.

நம் கல்லூரிகள் பல எடுத்துக்கொண்டது இதில் பாதியை மட்டுமே. கேட்பவரை நியமித்தோம், அவருக்குப் பின்னால் நிற்க வேண்டியவரை நியமிக்கவில்லை. இதைச் சொல்லும் தகுதி நமக்கு ஒரு பிழையின் வழியாக வந்தது என்பதையும் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

குழு தொடங்கிய முதலாண்டிலேயே, மாணவர் ஒருவர் தம் வகுப்புத் தோழி ஒருத்தியின் நிலைகுறித்து நம்மிடம் வந்து சொன்னார். நாம் பதறிப்போனோம். அந்த மாணவியை அழைத்து ஒரு சொல் பேசாமல், நேரே முதல்வர் அறைக்குச் சென்று, அங்கிருந்தே அவள் தந்தைக்குத் தொலைபேசினோம். அழைத்த கை நம்முடையது. மறுநாள் காலை பெற்றோர் வந்தனர். நடைகூடத்தில் எல்லோரும் பார்க்க வசவு விழுந்தது. காற்றுக் கருப்பு அண்டியிருக்கிறது என்று மந்திரிக்க அழைத்துச் சென்றதாகப் பின்னர் அறிந்தோம். மாற்றுச் சான்றிதழ் வாங்க அவள் தந்தை மட்டும் வந்தார். அந்த ஆண்டு முழுவதும் அக்குழுவினரிடம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எப்படித் திறப்பார்கள்? ஆதரவுக் குழு என்றால் ஆள்காட்டிக் குழு என்று வளாகம் முழுவதும் முடிவு செய்துவிட்டது.

இலக்கியம் பயிற்றுவிப்போருக்கு இப்பிழை இருமடங்கு வெட்கம் தருவது. ஏனெனில், ஒருவர் நெஞ்சின் மறை எவ்வழியே வெளிவர வேண்டும் என்பதற்குத் தமிழ் அகமரபு ஒரு முறையே வகுத்து வைத்திருக்கிறது. அறத்தொடு நிற்றல் என்பது அதன் பெயர். தலைவி தோழிக்கு உரைப்பாள், தோழி செவிலிக்கு உரைப்பாள், செவிலி நற்றாய்க்கு உரைப்பாள். அதன் பின்னரே தந்தைக்கும் தமையன்மார்க்கும் செய்தி சேரும். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடியும் தோழி செவிலிக்கு அறத்தொடு நிற்கும் ஒரே பேச்சுத்தான். மகளின் மெலிவுக்குக் காரணம் அறியாத தாய், முருகன் அணங்கினான் என்று வேலனை அழைத்து வெறியாட்டு எடுக்கும் வேளையில், உண்மையைச் சொல்லி அதைத் தடுப்பவளும் தோழியே. நம் மாணவியின் கதையிலோ நாம் தோழனிடமிருந்து தந்தைக்கு ஒரே தாவாகத் தாவிவிட்டோம். விளைந்தது வெறியாட்டு.

காதலை மறைப்பதும் உயிர்விடும் எண்ணத்தை மறைப்பதும் ஒன்றாகுமா என்று கேட்கலாம். ஒன்றல்ல. நாம் சுட்டுவது பொருளின் ஒற்றுமையை அன்று, முறையின் நுட்பத்தை. அம்முறையில் மூன்று செய்திகள் பொதிந்துள்ளன.

முதலாவது, மறை காத்தல் தோழியின் இயல்பு. ஆயினும் அது எல்லையற்றதன்று. தலைவியின் உயிருக்கு இடர் நேரும் இடத்தில் பேசுவதே அறம். நம் காலத்துச் சட்டமும் இவ்வாறே சிந்திக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறுவோரின் செய்திகளை மறைவாகக் காக்க வேண்டும் என்கிறது. உயிருக்கு ஆபத்து நேருமிடத்தில் தேவையான அளவு மட்டும் வெளியிட விலக்கு அளிக்கிறது. ஆகவே எந்த மாணவத் தோழரும் ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்கலாகாது. ‘உன் உயிருக்கு இடர் என்றால் மட்டும், உன்னிடம் சொல்லிவிட்டு, இன்னாரிடம் சொல்வேன்’ என்று தொடக்கத்திலேயே கூறப் பழக்க வேண்டும். ‘சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?’ என நேரடியாகக் கேட்கவும் பழக்க வேண்டும். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோம் என்னும் அச்சம் தவறானது என்பது உளவியலார் உறுதிசெய்த செய்தி.

இரண்டாவது, தோழி உரைப்பது தலைவியை விட்டு விலகி நின்று அன்று. அவளோடு நின்று, அவள் சார்பாகவே பேசுகிறாள். தோழி அறத்தொடு நிற்கும் வகைகள் ஏழு எனத் தொல்காப்பியம் பகுத்துக் கூறுகிறது. எதைச் சொல்வது என்பதோடு எப்படிச் சொல்வது என்பதும் அறத்தின் பகுதி என்று கருதிய மரபு அது. நம் கல்லூரிகளிலோ ‘மன அழுத்தம் உள்ள மாணவர் பட்டியல்’ என்று வாரந்தோறும் பெயர் எழுதித் தரச் சொல்கிறார்கள். அப்பட்டியல் தர மதிப்பீட்டுக் குழு வரும்போது காட்டவேண்டிய கோப்பில் போய்ச் சேர்கிறது. பட்டியல் எழுதும் கை தோழியின் கையாக இருக்க முடியாது.

மூன்றாவதே முதன்மையானது. தோழி என்பவள் செவிலியின் மகள் என்று வரையறுக்கிறார் தொல்காப்பியர். தோழிக்குப் பின்னால் அவளை வளர்த்த ஒருத்தி இருக்கிறாள். அவளும் தலைவியின்மீது அன்புடையவள், முதிர்ந்தவள். நம் வளாகங்களில் காணாமற்போயிருப்பவள் இந்தச் செவிலிதான். அவள் வருகைப் பதிவும் அகமதிப்பெண்ணும் கையில் வைத்திருக்கும் ஆசிரியராக இருக்க முடியாது. நம்மைப் போன்றோர் அவ்விடத்திற்கு வழிகாட்டலாம், அவ்விடத்தில் அமரக்கூடாது. தகுதிபெற்ற உளவளத்துணையாளர் ஒருவர் வேண்டும். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழங்கிய நெறிமுறைகளும் 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்களைக் கொண்ட கல்வி நிறுவனங்கள் அத்தகைய ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் என்கின்றன. மாணவத் தோழர்களைத் தேர்ந்தெடுப்பதும் பயிற்றுவிப்பதும் வாரம் ஒருமுறை அவர்களை அமர்த்தி அவர்கள் கேட்டவற்றின் சுமையை இறக்கச் செய்வதும் அவர் பொறுப்பாதல் வேண்டும். அவர் இல்லாமல் மாணவரை மட்டும் நியமிப்பது, ஊதியமின்றி 19 வயதுப் பிள்ளையை மருத்துவமனை வாயிற்காவலுக்கு நிறுத்துவதற்குச் சமம்.

‘ஏதேனும் நடந்துவிட்டால் கல்லூரிமேல் பழி வருமே, பெற்றோரிடம் மறைக்கலாமா?’ என்று சக ஆசிரியர்கள் கேட்பதுண்டு. அச்சம் நியாயமானது. பெற்றோர் அறிய வேண்டும் என்பதிலும் மறுப்பில்லை. ஆனால் அச்செய்தியை அவர்களிடம் எடுத்துச் செல்பவர், அதைத் தாங்கும் வகையில் சொல்லத் தெரிந்தவராகவும், மாணவியின் அருகில் நின்று சொல்பவராகவும் இருக்க வேண்டும். பழியிலிருந்து தப்புவதற்காகச் செய்யும் தொலைபேசி அழைப்பு காப்பது கல்லூரியை மட்டுமே.

அன்று மாலை அந்தப் பெண்ணிடம், “பாவமில்லை, அதற்குப் பெயர் அறத்தொடு நிற்றல்” என்றோம். வகுப்பில் கேட்ட சொல்லாதலின் சற்றே சிரித்தாள், பின்பு அழுதாள். அவளையே முதலில் தோழியிடம் அனுப்பினோம்: ‘என்னால் தனியே தாங்க முடியவில்லை, அம்மாவிடம் சொல்லிவிட்டேன், உன்னோடு நானும் வருகிறேன்’ என்று சொல்லச் சொன்னோம். அன்றிரவே மூவருமாக 14416 என்னும் உதவி எண்ணில் பேசினோம். மறுநாள் காலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் சென்றோம். பெற்றோருக்கு மருத்துவர் முன்னிலையில், அந்தப் பெண்ணின் ஒப்புதலோடு செய்தி சொல்லப்பட்டது. தாய் அழுதார், யாரும் வையவில்லை. அவள் இப்பருவம் வகுப்புக்கு வந்துகொண்டிருக்கிறாள்.

துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு படுத்தவள் மட்டும் குழுவிலிருந்து விலகிவிட்டாள். வில்லையை நம் மேசைமீது வைத்துவிட்டு, “இனிமேல் முடியாது அம்மா” என்றாள். வற்புறுத்தவில்லை. அந்த 11 இரவுகளுக்குப் பிறகு அவளுக்கே ஒரு செவி தேவைப்பட்டது, அதை நாம் ஏற்பாடு செய்து வைத்திருக்கவில்லை.

உளவளத்துணையாளர் பணியிடம் வேண்டி நாம் எழுதிய விண்ணப்பம் நிருவாகத்தின் பரிசீலனையில் இருக்கிறது. அந்த வில்லை இன்னும் நம் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. செவிலி ஒருத்தி வந்து சேரும்வரை அதை இன்னொரு பிள்ளையின் சட்டையில் குத்துவதாக இல்லை.