காட்டுக்கு ஒரு வழித்துணை

மாண்புமிகு சுற்றாடல் அமைச்சர் அவர்களின் மேலான சமுகத்துக்கு,

பொல்பிட்டியவிலிருந்து எழுதிக்கொள்வது.

கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலிய ஓயாவும் ஒன்றுகூடிக் களனி கங்கை என்று பெயர் பெறும் இடத்துக்கு அணித்தாக, 1969ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் மின்நிலையத்தின் அயலில் பிறந்து வளர்ந்தவன் நான். கொழும்பு மாநகரில் விளக்காக எரிவதிலும் குழாயில் குடிநீராக வருவதிலும் இந்த ஆற்றுக்குப் பெரும்பங்கு உண்டு என்பது தாங்கள் அறிந்ததே. ஆனால் இந்த ஆற்றுக்கு நீர் சுரந்து கொடுப்பது சிவனொளிபாதமலையைச் சூழ்ந்த வனம் என்பதை, அதன் நிழலிலேயே வாழ்ந்திருந்தும், சென்ற சித்திரை மாதத்துச் சனி ஞாயிறு வரையில் நான் ஏட்டளவில் மட்டுமே அறிந்திருந்தேன்.

மலையகத்தார் பலரும் நல்லதண்ணிப் பக்கமாக, தேநீர்க்கடைகளின் வெளிச்சத்தில் படியேறித்தான் பாதம் கும்பிடுவது வழக்கம். நானும் நண்பர் நால்வரும் இம்முறை அவ்வழியை விட்டு, அவிசாவளை சென்று, குருவிட்டையைக் கடந்து, எரத்ன வழியாக ஏறத் துணிந்தோம். நீண்டதும் கடினமானதும் எனப் பெயர் பெற்ற வழி அது. துணிந்தோம் என்று எழுதுகிறேனேயொழிய, அதில் பாதி அறியாமை என்பதைச் சொல்லிக்கொள்ள வெட்கப்படவில்லை.

உச்சி வெயிலிலும் அந்திபோல் இருண்டிருக்கும் அவ்வனத்தில், வானளாவிய விருட்சங்கள் படிப்படியாகக் குறுகி, மேலே செல்லச் செல்லப் பாசி போர்த்த குள்ள மரங்களாகிவிடும் விந்தையைக் கண்டோம். மூக்கின் நுனியில் கொம்பு முளைத்த ஓணான் ஒன்று, இலங்கையின் மலைகளையன்றி உலகில் வேறெங்கும் தனக்கு வீடில்லை என்ற கர்வமோ கவலையோ அறியாமல், ஒரு கிளையைக் கட்டிக்கொண்டு எங்களைப் பார்த்திருந்தது. அட்டைகளோ, சவர்க்காரத்தையும் உப்பையும் பொருட்படுத்தாமல், கணுக்கால் வரை வந்து விருந்துண்டன.

பிற்பகலில், ஓடையொன்றின் அழகில் மயங்கி யாத்திரைப் பாதையை விட்டுக் கீழிறங்கினோம். மூடுபனி வந்து கவிந்தது, இடி முழங்கிற்று, வந்த வழி மறைந்தது. தெளிந்த நீர்தானே, முழங்காலளவுதானே என்று அந்த ஓடையைக் கடக்க முற்பட்டபோது, மேலேயுள்ள கடைக்குச் சாமான் சுமந்து செல்லும் முதியவர் ஒருவர், எங்கள் கூச்சல் கேட்டு இறங்கி வந்தவர், “எப்பா மாத்தயா!” என்று தடுத்தார். நீர் சற்றே செம்மை பூண்டிருந்ததை அவர் கண்டிருந்தார், நாங்கள் காணவில்லை. கால்மணி நேரத்துக்குள் அந்த ஓடை மரக்கட்டைகளை உருட்டிக்கொண்டு பாய்ந்தது. எங்களைப் பாதையில் சேர்த்துவிட்டு, நாங்கள் நீட்டிய பணத்தை மறுத்து, சுமையைத் தூக்கிக்கொண்டு அவர் போய்விட்டார்.

அமைச்சர் அவர்களே, 1940இல் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டு, 2010இல் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்ட வனம் இது. களனி, களு, வளவை ஆகிய மூன்று கங்கைகளுக்கும் தாய்மடி. அதற்கான சட்டங்கள் ஏட்டில் இருக்கின்றன; அதற்கான ஞானமோ, நீரின் நிறம் கண்டு மழையை அறியும் அம்முதியவரைப் போன்றோரிடம், கூலியுமின்றிப் பெயருமின்றிக் கிடக்கிறது. எங்கள் பாட்டன்மாரின் பாட்டன்மார் கடல் கடந்து அழைத்துவரப்பட்டது, இம்மலைகளின் காட்டை வெட்டிக் கோப்பி நடுவதற்கே. 1869இல் தலைகாட்டிய இலைநோயால் கோப்பி அழிந்து தேயிலை வந்தபோதும், காட்டோடு எங்களுக்கிருந்த சம்பந்தம் கோடரிச் சம்பந்தமாகவே நின்றுவிட்டது. அந்த வம்சத்தின் பிள்ளைகள் இன்று அதே காட்டைக் காக்கும் உத்தியோகம் பெறுவார்களாயின், அதைவிடச் சிறந்த பிராயச்சித்தம் எது?

ஆகவே என் விண்ணப்பம் இதுவே: பக்தரின் யாத்திரைப் பாதை எப்போதும்போல் யாவர்க்கும் பொதுவாக இருக்கட்டும். அதைவிட்டு விலகி வனத்துக்குள் நடக்க விரும்புவோர் எவராயினும், அடிவாரத்தில் பெயர் பதிந்து, வழித்துணையொருவருடன் மட்டுமே செல்லவேண்டும் என விதி செய்யுங்கள். அவ்வழித்துணைவரை அடிவாரக் கிராமங்களிலிருந்தும் தோட்டத்து லயங்களிலிருந்தும் தெரிந்தெடுங்கள். அம்முதியவரைப் போன்றோரையே அவர்களுக்கு ஆசான்களாக்குங்கள். சிங்களமும் தமிழும் பேசப் பழக்கி, கௌரவமான வேதனம் கொடுங்கள். கொண்டுபோகும் பிளாஸ்டிக் போத்தல்களை எண்ணியனுப்பி, திரும்புகையில் எண்ணி வாங்கும் பொறுப்பும் அவர்களிடமே இருக்கட்டும்.

வரும் மார்கழிப் போயாவில் மீண்டும் யாத்திரைக் காலம் தொடங்குகிறது. அதற்குமுன் எரத்ன அடிவாரத்தில் ஒரு மேசையும், ஒரு பதிவேடும், அறிந்தவர் இருவரும் இருக்கும்படி செய்தருள வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
பொல்பிட்டியவிலிருந்து ஒரு பாடசாலை ஆசிரியன்