கம்பம் வாரியத்துக்கு, பில் வேறொருத்தருக்கு

ஜியோ பிடிக்கலைன்னா ஏர்டெலுக்கு மாறுவதுபோல் கரண்டு கம்பெனியையும் மாத்திக்கலாம் என்கிறார்கள். இந்த ஆசை காட்டித்தான் 2022 ஆகஸ்டில் மின்சாரத் திருத்த மசோதா மக்களவைக்கு வந்தது. அது நிறைவேறவில்லை. 2025 அக்டோபரில் மத்திய மின் அமைச்சகம் அதே எண்ணத்தைப் புது வரைவாக வெளியிட்டது.

ஒப்புமையே பித்தலாட்டம். ஜியோ தன் வலையமைப்பைத் தானே போட்டது. இங்கே வருகிற கம்பெனி கம்பம் நட வேண்டாம். வாரியம் இழுத்த கம்பியிலேயே கட்டணம் கொடுத்து ஓட்டலாம். அதே கம்பி, அதே கரண்டு. அப்புறம் போட்டி எதில்? யாருக்குப் பில் போடுவது என்பதில்தான்.

நான் வலங்கைமான்காரன். ஜூன் 12-இல் மேட்டூர் திறக்காத வருஷம் எங்கள் குறுவை மோட்டாரை நம்பித்தான் நிற்கும். அந்த மோட்டாருக்குக் கட்டணம் கிடையாது. அரசு மானியமும், ஆலைகளும் கடைகளும் கூடுதலாகக் கட்டுகிற காசும்தான் அதைத் தாங்குகின்றன. புதுக் கம்பெனி முதலில் எங்கே போகும்? குடமுருட்டிக் கரை மோட்டார் கொட்டகைக்கா, ஸ்ரீபெரும்புதூர் ஆலைக்கா? வாரியத்திடம் மிஞ்சுவது நஷ்டமும் நாங்களும்தான்.

குறுக்கு மானியத்தைச் சமன்செய்ய நிதியம் வைப்போம் என்றது 2022 மசோதா. ஆலைக்கு விலை குறையும் என்று சொல்லித்தானே போட்டியை விற்கிறீர்கள்? குறைந்தால் அந்த உண்டியலில் என்ன விழும்?

பிரிட்டனைப் பாருங்கள். 2021-இல் எரிவாயு விலை ஏறியதும் சில்லறை மின் கம்பெனிகள் வரிசையாக மூடின. சுமார் 15 லட்சம் வாடிக்கையாளர்களை வைத்திருந்த ‘பல்ப்’ நிறுவனத்தை அரசுப் பணம்தான் தாங்கியது.

வாரியம் யோக்கியமா? இல்லை. பம்புசெட் இணைப்புக்கு எழுதிவைத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருப்பவர்கள் இங்கே உண்டு. ஆனால் அதைத் திட்டலாம், மறிக்கலாம், ஓட்டுக் கேட்டு வருகிறவரை நிறுத்திக் கேட்கலாம். 1972-இல் நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் மின்கட்டண உயர்வை எதிர்த்து மாட்டுவண்டிகளோடு கோவையை மறித்தார்கள். கால்சென்டருக்கு முன்னால் மாட்டுவண்டியை எங்கே நிறுத்துவது?

2018 நவம்பர் 16 அன்று கஜா டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்களைச் சாய்த்தது. வெளி மாவட்டத்து லைன்மேன்கள் வந்து வயலில் இறங்கி நட்டார்கள். அடுத்த புயலிலும் அவர்கள்தான் வர வேண்டும். அதற்குள் லாபத்தை வேறு பக்கம் திருப்பிவிட்டு வாரியத்தை வெறுங்கையோடு நிறுத்தாதீர்கள். காலிப் பணியிடங்களை நிரப்புங்கள். விவசாய மானியத்தை முழுசாக, நேரத்துக்குக் கொடுங்கள். சீர்திருத்தம் அங்கிருந்து தொடங்கட்டும்.