இடிந்த வளைவும் எஞ்சிய படங்களும்



இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வால் பகுதியின் வடகரையில், போர்த்கோத்தன் என்றொரு சிறு குடா உள்ளது. அலைகள் குடைந்தெடுத்த பாறை வளைவொன்று அங்கே நின்றிருந்தது. விடுமுறைக்கு வந்த குடும்பங்கள் அதனருகே நின்று படமெடுத்துச் சென்றன. 2014 ஜனவரியில் அட்லாண்டிக் புயல்கள் அடுத்தடுத்துத் தாக்கியபோது அது இடிந்து வீழ்ந்தது. இன்று அவ்வளைவைக் காண விரும்புவோர் பழைய படங்களைத்தாம் நாட வேண்டும்.

அக்கரையைப் படமெடுக்கக் குளிர்காலமே உகந்தது என்பேன். டிசம்பர் பிற்பகுதியில் பகற்பொழுது ஏறக்குறைய 8 மணி நேரந்தான். நண்பகலிலும் சூரியன் சுமார் 16 பாகை உயரமே ஏறும். சாய்ந்து விழும் அவ்வொளியில் பாறையின் மடிப்புகள் யாவும் நிழலோடு துலங்கும். ஒரு மழை ஓய்ந்து மறுமழை வருமுன் மேகம் சற்றே பிளக்க, கறுத்த வானத்தின் முன்னே பாறை மட்டும் ஒளிரும். அக்காட்சி சில நிமிடங்களே நீடிக்கும். அதன்பின் காமிராவைப் பையிலிருந்து எடுத்துப் பயனில்லை. மழையிலேயே முக்காலியை நிறுத்தி, காட்சியை அமைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். சிதறும் அலையைத் துளித்துளியாகப் பிடிக்க நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும். பின்வாங்கும் நுரையைக் கோடுகளாகக் காட்ட அரை நொடி வேண்டும். குளிரில் பாட்டரி விரைவில் சோர்ந்துவிடும். மாற்றுப் பாட்டரியைச் சட்டையின் உட்பையில் வைத்துக்கொள்க. லென்சில் படியும் உப்பை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். நன்னீரில் நனைத்த மென்துணியால் ஒற்றியெடுங்கள்.

அண்மையில் இளைஞர் ஒருவர், தாம் எடுத்த அலைப்படத்தைக் காட்டினார். படம் அழகுதான். ஆனால் அவர் நின்ற பாறை நனைந்திருந்தது, மழையும் இல்லை. அலை அங்கே ஏற்கெனவே வந்துபோயிருக்கிறது என்பதல்லவா பொருள்? பாராட்ட எனக்கு நா எழவில்லை. சிற்றலைகளே கால்மணி நேரம் வந்தன என்பதற்காக அடுத்ததும் சிறிதாகவே வருமென்று நம்பலாமா?

வட கார்ன்வாலில் பெருவோத நாட்களில் கடல்மட்டம் சுமார் 7 மீட்டர் ஏறி இறங்குகிறது. வற்றிய வேளையில் மணலில் இறங்கியவர் படத்திலேயே மூழ்கியிருந்தால், திரும்பும் வழியை நீர் மறைத்துவிடும். போர்த்கோத்தனுக்குத் தெற்கே சில கல் தொலைவிலுள்ள பெட்ரத்தன் ஸ்டெப்ஸ் பாறைகளை மேட்டுப் பாதையிலிருந்தே டெலி லென்சால் நன்கு எடுக்கலாம். மேட்டின் விளிம்பையும் நெருங்காதீர். மழையில் ஊறிய மண் சரியக்கூடும்.

எடுத்த படத்தோடு தேதியையும், நின்ற இடத்தையும், ஓதம் ஏறியதா வற்றியதா என்பதையும் குறித்து வையுங்கள். அடுத்த குளிர்காலத்தில் அதே இடத்தில் நின்று மீண்டும் எடுத்து, இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.